இன்றைய புனைகதைகளில் இறைநம்பிக்கையும் தனிமனித மீட்சியும்

முன்னுரை

மனிதன் எவ்வாறு வாழ்கிறான் என்பதை இலக்கியம் காட்டுகிறது. அவன் எவ்வாறு வாழ வேண்டும் என்பதைச் சமயம் கூறுகிறது. இவ்விரண்டும் எதிர்ப்படும் இடத்தில் எழும் வினாக்களுள் தலையாயது மீட்சி பற்றிய வினாவாகும். 'நான் எவ்வாறு கடைத்தேறுவேன்?' என்று கேளாத மனிதன் இல்லை. கேட்கும் மொழியும் முறையும் காலத்திற்கேற்ப மாறுகின்றன, வினா மாறுவதில்லை. காப்பியங்களும் பக்திப் பாடல்களும் இவ்வினாவைத் தம் போக்கில் எடுத்தாண்டன. இன்று அவ்வினாவைச் சிறுகதையும் புதினமும் தம் தோளில் ஏற்றிக்கொண்டுள்ளன.

வகுப்பறையில் இத்தகைய புதினங்களை நடத்துங்கால் மாணவரிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் ஒரு வினா எழுவதுண்டு. 'இக்கதைகள் ஈமானை உறுதிப்படுத்துமா, குலைக்குமா? போலித் தங்ஙள்மாரையும் கொடுங்கோல் முதலாளிகளையும் காட்டும் கதைகளால் நம் பிள்ளைகளுக்கு என்ன நன்மை?' என்று சமுதாயப் பெரியவர்கள் கவலையோடு கேட்கின்றனர். இக்கவலையில் நியாயம் இருக்கிறது. ஆகவே இதனைத் தட்டிக்கழித்தல் தகாது. கதைகளையே சான்றாக வைத்து விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

மீட்சி என்னும் கருத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நாற்பொருளுள் இறுதியில் நிற்பது வீடு. 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், பற்றுகளிலிருந்து விடுபடுதலைக் குறிக்கும். வள்ளுவர் முப்பாலோடு நிறுத்திக்கொண்டார். முப்பொருளையும் முறையாகக் கடைப்பிடித்தார்க்கு வீடு தானே வந்தெய்தும் என்பது சான்றோர் கருத்து. கிறித்தவத் தமிழ் 'இரட்சிப்பு' என்றும் 'மீட்பு' என்றும் கூறும். பௌத்தம் 'நிர்வாணம்' என்று உரைக்கும். சைவரும் வைணவரும் 'முத்தி' என்றும் 'பேறு' என்றும் வழங்குவர்.

இஸ்லாமிய மரபில் இரு சொற்கள் எண்ணத்தக்கன. ஒன்று 'நஜாத்', ஆபத்திலிருந்து தப்பிக் கரையேறுதல் என்பது அதன் பொருள். மற்றொன்று 'ஃபலாஹ்'. ஐவேளையும் பள்ளிவாசலிலிருந்து எழும் பாங்கில் இச்சொல்லை நாம் கேட்கிறோம். வெற்றி, ஈடேற்றம் என்று இதற்குப் பொருள் கூறுவர். இதே வேரிலிருந்து பிறந்த 'ஃபல்லாஹ்' என்னும் அரபுச் சொல் உழவரைக் குறிக்கிறது. நிலத்தைக் கீறி விதைத்து வியர்வை சிந்திப் பெறும் விளைச்சலும் ஆன்மா பெறும் ஈடேற்றமும் ஒரே வேர்ச்சொல்லில் இணைந்து நிற்பது வெறும் சொல்லழகு அன்று. பிறர் உழுத நிலத்தில் நமக்கு விளைச்சல் இல்லை. ஒவ்வோர் ஆன்மாவும் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று திருக்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் கொள்கையோடு இது பொருந்தி வருகிறது.

மரபில் மீட்சி

தமிழ் மரபில் மீட்சியின் பாதை பெரும்பாலும் தெளிவாகவே வரையப்பட்டிருந்தது. மணிமேகலை துறவு பூண்டாள். ஆயினும் அவள் கையில் இருந்தது அமுதசுரபி. பசிப்பிணி தீர்த்தலே அவள் மேற்கொண்ட அறம். சிறைக்கோட்டத்தையும் அறக்கோட்டமாக்கிய பின்னரே அவள் தத்துவ விசாரத்திற்குள் நுழைகின்றாள். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் நபிகள் நாயகத்தின் திருவாழ்வைப் பாடி மக்களுக்கு வழிகாட்டினார். தக்கலை பீர்முகம்மது அப்பாவும் குணங்குடி மஸ்தான் சாகிபும் இறைக்காதலில் கரைந்து, 'நான்' என்னும் எண்ணம் அழிதலையே மீட்சி எனக் கண்டனர்.

உரைநடைப் புனைகதை தோன்றிய காலத்திலும் இந்நிலை உடனே மாறிவிடவில்லை. இலங்கை அறிஞர் சித்திலெவ்வை 1885 ஆம் ஆண்டில் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். நல்லோர் இடர்ப்பட்டு இறுதியில் உயர்வு பெறுதலே அத்தகைய தொடக்ககாலக் கதைகளின் பொது அமைப்பு. அறம் வெல்லும் என்பதில் ஆசிரியருக்கும் ஐயமில்லை, வாசகருக்கும் ஐயமில்லை.

ஐயம் எழுந்தது இருபதாம் நூற்றாண்டில். அதற்குத் தமிழில் ஒரு பெரும் அடையாளம் புதுமைப்பித்தன் 1943 ஆம் ஆண்டில் எழுதிய 'சாபவிமோசனம்'. கல்லாய்க் கிடந்த அகலிகை இராமனின் திருவடி தீண்டலால் பெண்ணாகிறாள். மரபுக் கதை இவ்விடத்தில் முடிவுறும். புதுமைப்பித்தன் கதையோ இங்கேதான் தொடங்குகிறது. தன்னை மன்னித்த அதே இராமன் சீதையைத் தீப்புகச் சொன்னான் என்று கேள்வியுற்ற அகலிகை மீண்டும் கல்லாகின்றாள். ஒருத்திக்குக் கிடைத்த விமோசனம் மற்றொருத்திக்கு மறுக்கப்பட்டால் முன்னவளின் விமோசனமும் பொருளற்றுப் போகிறது என்பது அக்கதை எழுப்பும் கூர்மையான வாதம். இன்றைய புனைகதையின் மீட்சி விசாரணைக்கு இதனைத் தோற்றுவாய் எனலாம்.

மீட்சி இரவலாகக் கிடைப்பதில்லை, தனியாகவும் கிடைப்பதில்லை. இவ்விரு செய்திகளையே இக்காலத்தின் சிறந்த கதைகள் திரும்பத் திரும்ப உணர்த்துகின்றன என்பது நம் கருத்து. இதனை இனிச் சில படைப்புகளின் வழிக் காண்போம்.

வழிவழிப் பெருமை கரையேற்றுமா?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944 ஆம் ஆண்டு பிறந்து 2019 ஆம் ஆண்டு மறைந்த தோப்பில் முஹம்மது மீரான், தமிழ் முஸ்லிம் வாழ்வைப் புனைகதைக்குள் உயிரோடு கொணர்ந்தவர். 1988 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' அவர்தம் முதற்பெரும் படைப்பு. விடுதலைக்கு முந்தைய கடற்கரைக் கிராமம் ஒன்றில் வடக்கு வீட்டு அஹமதுக்கண்ணு முதலாளி என்பார் சொல்வதே சட்டம். பள்ளிவாசலும் அவர் பிடியில். மக்களின் அச்சமும் அவர் பிடியில். தூய வழித்தோன்றல் எனத் தம்மைக் கூறிக்கொண்டு ஊருக்குள் வரும் தங்ஙள் ஒருவரை மக்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகின்றனர். ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் மார்க்கம் கெட்டுவிடும் என்று முதலாளி எதிர்க்கின்றார்.

இம்மூவகை ஆதிக்கத்திற்கும் எதிரே தனித்து நிற்பவர் சுறாப்பீலி வணிகம் செய்யும் மஹ்மூது. இவர் சமயத்தை மறுப்பவர் அல்லர் என்பது நாம் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்று. முதலாளிக்கு அஞ்ச மறுக்கும் அவருடைய நிமிர்வு இறைநம்பிக்கைக்கு முரணானதன்று. இறைவன் ஒருவனுக்கே அஞ்சுபவன் பிற எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்னும் ஏகத்துவக் கொள்கையின் நடைமுறை வடிவமாகவே அதனை நாம் காணலாம். ஊதிய நீரும் முடிந்த கயிறும் தன்னைக் காக்கும் என்று நம்பும் ஊரின் நடுவே, உழைப்பையும் நேர்மையையும் மட்டுமே துணையாகக் கொண்ட ஒருவரை ஆசிரியர் நிறுத்துகிறார். ஊர் எதனை மார்க்கம் என்று கருதியதோ அது அச்சம். எவரை மார்க்க விரோதி என்று கருதியதோ அவரிடமே துணிவு இருந்தது. இந்த முரணே புதினத்தின் உயிர்நாடி.

இவ்வாசிரியருக்கு 1997 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்த 'சாய்வு நாற்காலி' இதே கருத்தை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. முன்னோர் ஈட்டிய புகழின் நிழலில் சாய்வு நாற்காலியை விட்டு எழாமல் காலம் கழிக்கும் முஸ்தபாக்கண்ணு, தம் பாரம்பரிய மாளிகையாகிய சவ்தா மன்ஸிலின் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கின்றார். மனைவியின் கண்ணீர் அவருக்குப் பொருட்டன்று. வாயில் ஓயாமல் குடும்பப் பெருமை. வீட்டிலோ மரமும் கதவும் குறைந்துகொண்டே வருகின்றன. பாட்டனாரின் வீரத்தைக் கொண்டு பேரன் மீட்சி அடைய இயலுமா என்னும் வினாவை ஆசிரியர் ஓரிடத்திலும் வெளிப்படையாகக் கேட்கவில்லை. வெறுமையாகி வரும் மாளிகையே அவ்வினாவையும் விடையையும் நம் முன் வைக்கின்றது. சமயப் பெருமையும் அவ்வாறானதே. நம் முன்னோர் இறைநேசர்களாக விளங்கினர் என்பது நமக்குப் பெருமை தரலாம். நம் கணக்கில் வரவாகாது.

ஞானியைத் தேடிய நோயாளி

கெய்ரோ நகரின் தெருக்களைத் தம் படைப்புலகாகக் கொண்ட நஜீப் மஹ்ஃபூஸ் (1911–2006) நோபல் பரிசு பெற்ற முதல் அரபு எழுத்தாளர். பரிசு பெற்ற ஆண்டு 1988. அவருடைய 'ஸஅபலாவி' என்னும் சிறுகதை நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. எந்த மருத்துவராலும் தீர்க்க இயலாத நோய் ஒன்று கதைசொல்லியைப் பற்றிக்கொள்கிறது. சிறுவயதில் தந்தையின் வாயால் கேட்ட இறைநேசர் ஸஅபலாவியை நாடி அவன் புறப்படுகின்றான்.

அவன் யார் யாரிடம் செல்கின்றான் என்பதைக் கதை வரிசைப்படுத்தும் முறை மிக நுட்பமானது. முதலில், ஸஅபலாவியை முன்பு அறிந்திருந்த சமயச் சட்ட அறிஞர். இவர் இப்பொழுது புதிய நகர்ப்பகுதியில் அலுவலகம் வைத்து வளமாக வாழ்கின்றார். பழைய நட்பு மறந்துபோயிற்று. அடுத்து, ஞானியின் பழைய இருப்பிடத்து வாயிலில் சமய நூல்களையும் ஞான நூல்களையும் விற்பவர். அவ்விருப்பிடமோ குப்பைமேடாகிக் கிடக்கிறது. பின்னர், அப்பகுதியின் நிருவாகப் பொறுப்பாளர். இவர் ஒழுங்காகத் தேடுவதற்கு வரைபடமே எழுதித் தருகின்றார். அதன்பின், அழகெழுத்துக் கலைஞர். அவரைத் தொடர்ந்து இசைவாணர். தேடி அடையும் துன்பமும் மருந்தின் ஒரு பகுதியே என்னும் உண்மை இசைவாணர் வாயிலாக உணர்த்தப்படுகின்றது. சட்டமும் ஏடும் நிருவாகமும் ஞானியைத் தொலைத்துவிட்டன. கலைஞர் இருவருக்கு மட்டும் அவர் வந்துபோன மணம் இன்னும் மறக்கவில்லை.

இறுதியில் நோயாளி ஒரு மதுக்கடையில் ஒருவரைச் சந்திக்கிறான். அங்கே அவரது வற்புறுத்தலால் குடித்து, மயங்கி உறங்கி, பேரமைதி நிறைந்த சோலை ஒன்றைக் கனவில் காண்கிறான். விழித்தபோது அவன் தலை நனைந்திருக்கிறது. அவன் உறங்குகையில் ஸஅபலாவி அருகில் அமர்ந்து நீர் தெளித்துவிட்டுச் சென்றார் என்று அறிகிறான். தேடியவர் வந்தார், தேடியவன் உறக்கத்தில் இருந்தான். நோய் தீரவில்லை, தேடல் முன்னிலும் வலுப்பெறுகிறது.

மதுக்கடை என்றவுடன் முகம் சுளிப்போர் உண்டு. மது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் பாரசீக சூஃபிக் கவிதைகளில் மது இறைக்காதலுக்குக் குறியீடாக நெடுங்காலம் வழங்கி வந்திருப்பதை இலக்கிய மாணவர் அறிவர். 'மஸ்தான்' என்னும் சொல்லே இறைபோதையில் திளைத்தவரைக் குறிப்பதுதானே! தன்னறிவின் பிடி தளரும் கணத்தில்தான் அருள் வந்து தீண்டுகிறது என்பதே இக்கதையின் குறிப்பு.

இதே ஆசிரியர் 1961 ஆம் ஆண்டில் எழுதிய 'திருடனும் நாய்களும்' இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சிறையிலிருந்து வெளிவரும் சையித் மஹ்ரான் பழிவாங்கும் வெறியோடு அலைகின்றான். அவன் தந்தையின் ஞானகுருவாகிய ஷைகு அலீ அல் ஜுனைதியின் இல்லக் கதவு எப்பொழுதும் திறந்தே இருக்கின்றது. அவரோ அவனை உளூச் செய்து ஓதுமாறு கூறுகின்றார். அவன் கேட்பது படுக்க ஓர் இடம். அவர் தர விரும்புவது நிலையான இல்லம். இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒருவர் மொழி மற்றவருக்கு எட்டவில்லை. அவனுக்கு உண்மையான அடைக்கலம் தருபவள் சமூகத்தால் இழிந்தவளாகக் கருதப்படும் நூர் என்னும் பெண். நூர் என்றால் ஒளி. அவ்வொளியையும் அவன் பற்றிக்கொள்ளவில்லை. குறி தவறிய அவன் குண்டுகளுக்குக் குற்றமற்றவர்களே இரையாகின்றனர். அவனும் இடுகாட்டில் வளைக்கப்பட்டு வீழ்கின்றான்.

இவ்விரு கதைகளையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஞானி இல்லாமல் இல்லை, கதவும் அடைக்கப்படவில்லை. ஆனால் ஞானியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வாயிலில் நின்றுவிடுபவன் உள்ளே சென்றவன் ஆகான்.

தன் ஆன்மாவா, பிறர் உயிரா?

மீட்சி இரவலாகக் கிடைக்காது என்பதனை மேற்கண்ட கதைகள் காட்டின. அது தனியாகவும் கிடைக்காது என்பதனை ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாகு எண்டோ (1923–1996) எழுதிய 'மௌனம்' என்னும் புதினம் காட்டுகிறது. 1966 ஆம் ஆண்டில் வெளிவந்த இப்புதினத்தின் களம் பதினேழாம் நூற்றாண்டு ஜப்பான். கிறித்தவம் தடைசெய்யப்பட்டு நம்பிக்கையாளர் வேட்டையாடப்பட்ட காலம் அது. தம் ஆசிரியர் ஃபெரேரா சமயத்தைத் துறந்துவிட்டார் என்னும் செய்தியை நம்பாத போர்த்துகீசியப் பாதிரியார் ரொட்ரீகஸ் மறைவாக அந்நாட்டுக்குள் நுழைகின்றார். காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறைப்படுகின்றார்.

அவரைத் துன்புறுத்தியிருந்தால் அவர் மகிழ்வோடு உயிர் துறந்திருப்பார். அதிகாரிகள் அதனினும் கொடிய வழியைத் தேர்கின்றனர். ஏழை உழவர்களைக் குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடுகின்றனர். அவ்வுழவர்கள் முன்பே தம் சமயத்தைத் துறந்துவிட்டவர்கள். ஆயினும் பாதிரியார் ஏசுவின் உருவம் பொறித்த தகட்டை மிதிக்கும் வரை அவர்களுக்கு விடுதலை இல்லை. மிதித்தால் தம் ஆன்மா அழியும் என்று அவர் நம்புகின்றார். மிதிக்காவிட்டால் அவ்வுழவர் உயிர் அழியும். இறைவனோ மௌனமாக இருக்கின்றான். முடிவில் அவர் மிதிக்கின்றார்.

அவர் செய்தது சரியா, தவறா? இவ்வினாவுக்கு ஆசிரியர் தீர்ப்பு வழங்கவில்லை. சிறுவயதிலேயே கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று வளர்ந்த எண்டோ, தம் நம்பிக்கையின் உள்ளிருந்தே இவ்வினாவை எழுப்பினார். கிச்சிஜீரோ என்னும் கோழையை அவர் படைத்திருக்கும் விதமும் எண்ணத்தக்கது. அவன் காட்டிக்கொடுக்கின்றான், அழுதுகொண்டு மன்னிப்பும் கேட்கின்றான், மீண்டும் தவறுகின்றான், மீண்டும் வருகின்றான். தொடக்கத்தில் அவனை அருவருத்த பாதிரியார், தாமும் வீழ்ந்த பின்னர் அவனுடைய பாவ அறிக்கைக்குச் செவிசாய்க்கின்றார். வலியவர்க்கு மட்டும்தான் மீட்சியா, மனவலிமை இல்லாதவர்க்கு இறைவனிடம் இடமில்லையா என்னும் ஏக்கம் அங்கே ஒலிக்கின்றது.

நிர்ப்பந்தத்தின்கீழ் நாவால் மறுத்தாலும் உள்ளத்தில் ஈமான் உறுதியாக இருப்பின் குற்றமில்லை என்னும் விளக்கம் இஸ்லாமிய மரபில் உண்டு. மக்கத்துக் குறைஷியரின் கொடுமைக்கு ஆளான அம்மார் பின் யாசிர் (ரலி) அவர்களின் வரலாறு இதற்குச் சான்றாகக் கூறப்படும். ஆகவே வேறொரு சமயத்தவர் எழுதிய இப்புதினம் நமக்கு அந்நியமானதன்று. நம் மார்க்க அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஆராய்ந்த இக்கட்டினையே அது கதையாக்கியிருக்கிறது.

மன்னிப்பின் வழியாக

அமெரிக்க எழுத்தாளர் மெரிலின் ராபின்சன் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டு, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற புதினம் 'கிலியட்'. விவிலியத் தமிழில் கீலேயாத் என வழங்கும் ஊர்ப்பெயர் அது. ஐயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஜான் ஏம்ஸ் என்னும் முதிய போதகர், இறப்பு நெருங்கும் வேளையில், தம் இளம் மகனுக்குக் கடிதம் எழுதுகின்றார். அவர் நல்லவர், கற்றவர், வாழ்நாள் முழுதும் மன்னிப்பைப் பற்றிப் போதித்தவர். ஆயினும் தம் நண்பரின் மகன் ஜாக் என்பவனை அவரால் ஏற்க இயலவில்லை. அவனோ வந்து, 'சிலர் அழிவுக்கென்றே விதிக்கப்பட்டவர்களா?' என்னும் பொருள்படக் கேட்கின்றான். அக்கேள்வி சமயத் தத்துவம் போல் தோன்றினும் உண்மையில் தன்னைப் பற்றியே அவன் கேட்கின்றான் என்பது பின்னரே விளங்குகிறது. ஊரை விட்டு அவன் செல்லும் நேரத்தில் முதியவர் அவன் தலைமேல் கைவைத்து வாழ்த்துகின்றார். வாழ்த்துப் பெற்றவன் ஜாக். மனத்தளை நீங்கியவரோ ஏம்ஸ் என்று கூறுதல் பொருந்தும்.

தமிழில் எம். வி. வெங்கட்ராம் எழுதிய 'காதுகள்' (1992) நம்பிக்கையின் மற்றொரு போராட்டத்தைச் சொல்லும். சாகித்திய அகாதெமி விருது பெற்ற இப்புதினத்தின் நாயகன் மகாலிங்கம் முருகனடியார். அவர் காதுக்குள் இடைவிடாது இழிந்த குரல்கள் ஒலிக்கின்றன; வறுமை ஒருபுறம் வாட்டுகிறது. வணங்கும் உள்ளத்திற்குள்ளேயே வசைக்குரல் எழுந்தால் அடியவன் என்ன செய்வான்? குரல்களை அடக்க இயலாதவர் கடவுளை விடாமல் பற்றிக்கொள்கிறார். பற்றிக்கொள்ளுதலே அவருக்குக் கிடைத்த மீட்சி. தொழுகையில் மனம் சிதறுவதை எண்ணி வருந்தும் எவரும் இந்நாயகனின் துன்பத்தை உணர்ந்துகொள்வர்.

மானம் தெய்வமாகும்போது

கவிஞர் சல்மா 2004 ஆம் ஆண்டில் எழுதிய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' முஸ்லிம் சிற்றூர்ப் பெண்களின் உள்வீட்டு வாழ்வைக் கூறும் புதினம். இதனை நம் சமுதாயத்தில் வரவேற்றோரும் உண்டு, வருந்தியோரும் உண்டு. இதில் வரும் பிர்தவ்ஸ் என்னும் இளம்பெண்ணின் முடிவு நெஞ்சை உலுக்குவது. வரம்பு மீறிய உறவு வெளிப்பட்டபோது, ஈன்ற தாயே அவளை நஞ்சுக்கு இரையாக்குகின்றாள். தாய் கொடியவள் அல்லள். ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சம் அவளைக் கொடியவளாக்கிற்று.

எந்த மார்க்கத்தின் பெயரால் ஊர் பேசுகிறதோ, அந்த மார்க்கம் உயிர்க்கொலையைப் பெரும்பாவம் என்கின்றது. தவறியோர்க்குத் தவ்பாவின் வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றது. திறந்த வாயிலை அடைத்தது குடும்ப மானம். குடும்ப மானம் இறைவனின் இடத்தில் அமர்ந்துவிட்டால் மீட்சிக்கு வழியேது? இப்புதினம் நம்மிடம் கேட்பது இதுவே. இவ்வினாவை எழுப்பியமைக்காக எழுத்தாளரைச் சினப்பதை விட, விடையை நம் வீடுகளில் தேடுதல் நலம்.

பெரியவர்களின் கவலைக்கு விடை

முதலில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது வருவோம். இக்கதைகள் ஈமானைக் குலைக்குமா?

பெரியவர்கள் கூறும் குறை ஒன்றை முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டும். தொழுபவர் என்றாலே போலி, தாடி வைத்தவர் என்றாலே வஞ்சகர் என்று ஒரே அச்சில் வார்க்கும் கதைகளும் வெளிவருகின்றன. விடியலில் எழுந்து தொழுது, பகலெல்லாம் உழைத்து, கடன் வாங்கியேனும் அண்டை வீட்டாருக்கு உதவும் எளிய நம்பிக்கையாளர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்தம் அகவாழ்வு போதிய ஆழத்தோடு இன்னும் எழுதப்படவில்லை. இது நம் எழுத்தாளரின் குறை. அக்குறையை நிரப்ப வேண்டியவர்கள் இன்றைய மாணவர்களே.

ஆயினும் நாம் மேலே கண்ட படைப்புகள் அத்தகையன அல்ல. அவை நம்பிக்கையை இடிக்கவில்லை. நம்பிக்கையின்மேல் படிந்தவற்றை உதிர்க்கின்றன. தங்ஙளின் மந்திர நீர், பாட்டனாரின் புகழ், ஞானியின் பெயர், ஊரின் மதிப்பு ஆகிய இரவல் துணைகள் ஒவ்வொன்றாக விலகும்போது மனிதன் இறைவன் முன் தனித்து நிற்கின்றான். மறுமையில் நாம் நிற்கப்போகும் நிலை அதுவே என்று நம்புகிறவர்களுக்கு இக்கதைகள் அச்சம் தரவேண்டியதில்லை. அந்நாளுக்கான ஒத்திகையாகவே அவை பயன்படும்.

அவ்வாறு தனித்து நிற்பவனிடம் கேட்கப்படும் வினாவோ பிறரைப் பற்றியதாக இருக்கின்றது. குழியில் தொங்கிய உழவன், நஞ்சுண்ட மகள், கதவு திறந்த நூர், வாழ்த்துக்கு ஏங்கிய ஜாக் ஆகியோர் மீட்சியின் பாதையில் எதிர்ப்படுகின்றனர். இறைவனுக்குச் செய்யும் கடமை ஒன்று, அடியார்க்குச் செய்யும் கடமை மற்றொன்று என்று மார்க்க அறிஞர் இரண்டாகப் பகுப்பர். இறைவனுக்குரியதில் தவறினால் அவன் மன்னிக்கக்கூடும். மனிதர்க்கு இழைத்த தீங்கை, இழைக்கப்பட்டவர் மன்னிக்க வேண்டும் என்பது நாம் சிறுவயது முதல் மதரஸாவில் கேட்டு வளர்ந்த பாடம். 'ஹுகூகுல் இபாத்' என்று அங்கே ஓதிய பாடத்தையே இப்புதினங்கள் முகமும் பெயரும் கொடுத்து நம் முன் நடமாட விடுகின்றன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இன்றைய புனைகதை மீட்சியை மறுக்கவில்லை என்பதும், அதனை எளிதில் வழங்கிவிடவும் இல்லை என்பதும் தெளிவாகும். பழைய காப்பியம் மீட்சி பெற்றோரின் கதையைச் சொல்லிற்று. இன்றைய புதினமோ மீட்சிக்கு ஏங்குவோரின் கதையைச் சொல்கின்றது. ஏக்கம் நம்பிக்கையின் குறைவன்று. பசித்தவனே உணவின் அருமையை அறிவான்.

மாணவர்கள் இக்கதைகளை அச்சமின்றிப் படிக்கலாம். ஆனால் பொறுப்போடு படிக்க வேண்டும். 'இவ்வாசிரியர் எவரைச் சாடுகின்றார்?' என்று கேட்டுப் படிப்பது முதல் நிலை. 'இக்கதையில் நான் எவராக இருக்கின்றேன்?' என்று கேட்டுப் படிப்பது அடுத்த நிலை. சாய்வு நாற்காலி முஸ்தபாக்கண்ணுவின் வீட்டில் மட்டும் இருப்பதன்று. நாமும் அதில் அமர்ந்திருக்கின்றோமா என்று எழுந்து பார்த்தால், அக்கதை தன் பணியைச் செய்துவிட்டது எனலாம். ஆசிரியர்கள் இந்த இரண்டாம் நிலைக்கு மாணவரை அழைத்துச் செல்வார்களாயின், பெரியவர்களின் கவலை தீர்வதோடு இலக்கியக் கல்வியும் பயனுறும்.

நிலத்தை உழுதவனுக்கே விளைச்சல் என்று 'ஃபலாஹ்' என்னும் சொல்லின் வேர் நமக்கு உணர்த்தியது. உழவன் தன் நிலத்தைத் தானே உழ வேண்டும். ஆனால் விளைந்ததை அவன் ஒருவனே உண்பதில்லை.